தாமல் ஏரிக்கு அப்பால், முள்காட்டில் மூழ்கிய நிலங்களில் ஒரு கல்லைத் தேடி

காஞ்சிபுரத்தில் கோயிலையும் சேலையையும் விட்டால் பார்க்க வேறொன்றும் இல்லையா என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி கடிதம் வருகிறது. இருக்கிறது. ஆனால் அதற்கு முழுக்கைச் சட்டை வேண்டும், தடித்த செருப்பு வேண்டும், முள் கிழித்தால் முகம் சுளிக்காத மனசு வேண்டும். இந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரிக்கு அப்பால் இருக்கும் முள்காட்டுக்குள் போய், கைவிட்டுப்போன பழைய விவசாய நிலங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். வயல், வரப்பு, பம்புசெட்டுக் கொட்டகை, கிணறு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேலே காடு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

போகக் காரணம் எஸ்தர். முதல்முறை படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சின்ன காஞ்சிபுரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எஸ்தர் பேருந்து நிலையத்திலிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருடமாக அந்தச் சாலையின் பள்ளங்களை எல்லாம் இடுப்பில் வாங்கிக்கொண்டதால், முதுகுக்குத் தைலம் வாங்க வாரம் தவறாமல் என் கடைக்கு வருவாள். வந்தால் பத்து நிமிடம் பேசாமல் போகமாட்டாள். நானும் விடமாட்டேன்.

அந்த வாரம் வந்தவள், தைலத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, எங்கனா காட்டுப் பக்கம் போவணும், எழுதணும்னு சொல்லிக்கினே இருப்பீங்களே, ஞாயித்துக்கெழம என்கூட வரீங்களா? வர வியாழக்கெழம எங்க நெலத்த அளக்க சர்வேயர் வராரு. அதுக்குள்ள நான் எல்லைக் கல்லக் கண்டுபிடிச்சு வைக்கணும். வூட்டுக்காரருக்கு ஞாயித்துக்கெழமயும் ஷிஃப்டு. தனியா போவ பயமா இருக்குது."

நிலம் எண்பத்தெட்டு சென்ட். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம் அவளுடையது. அவள் தாத்தா காலத்தில் அரசாங்கம் கொடுத்த நிலம் அது. ஏரிக் கால்வாய் தூர்ந்துபோய்த் தண்ணீர் வராமல் நின்றதும் அங்கே பயிர் வைப்பதை எல்லோருமே ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். முப்பது முப்பத்தைந்து வருடத்தில் வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேல முள் முழுவதையும் மூடிவிட்டது. இப்போது எஸ்தருக்கு ஆட்டோவை விட்டுவிட்டு அங்கே சாமந்தியும் கனகாம்பரமும் போட ஆசை. காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, அதனால் பூவுக்குக் கிராக்கி குறைவதும் இல்லை. கணக்கு சரிதான்.

ஒரே ஒரு சிக்கல், கிணறு. அவள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில், எல்லையை ஒட்டி ஒரு பழைய கிணறு இருக்கிறது. பக்கத்து நிலம் கோதண்டம் என்பவருடையது. விவசாயக் குடும்பம், இப்போது நெடுஞ்சாலையில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். அவரும் முள்ளை வெட்டி வேலி போடப் போகிறாராம். எஸ்தருடைய அப்பா தேவசகாயம் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். இறப்பதற்கு முன்னால், "கல்லு கெணத்துக்கு அந்தாண்ட இருக்குது. கெணறு நம்ம பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கல்லைக் காட்டினால்தான் சர்வேயர் அதை வைத்து அளப்பார். கிணறு அவள் பக்கம் விழுந்தால் அது நிலம், விழாவிட்டால் வெறும் முள். இவ்வளவையும் கேட்ட பிறகு நான் எப்படி வராமல் இருப்பேன்?

காலை 5.50க்கு எஸ்தர் தன் ஆட்டோவுடன் என் வாசலில் நின்றாள். பின்சீட்டில் கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு வெட்டுக்கத்தி, ஒரு நைலான் கயிறு, மூன்று லிட்டர் தண்ணீர். நான் எடுத்துக்கொண்டது எலுமிச்சை சாதம், டிஞ்சர், பஞ்சு, பாம்புக்கடிக்கு அருகில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதிய சீட்டு. இதைப் பார்த்து எஸ்தர் சிரித்தாள். மருந்துக் கடைக்காரியைக் கூட்டிப்போனால் இப்படித்தான். வழியில் நெடுஞ்சாலையோரக் கடையில் டீ, ஒன்று பதினைந்து ரூபாய், சுமார். வடை பத்து ரூபாய், அது நன்றாக இருந்தது.

6.40க்குத் தாமல் ஏரிக்கரை. என் வாசலிலிருந்து ஆட்டோ மீட்டரில் பதினேழு கிலோமீட்டர். இந்த ஏரியை ஏதோ குளம் என்று நினைத்துப் போகாதீர்கள். கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். இந்த வருடம் மழை நன்றாக இருந்ததால் தண்ணீர் நிறைய நின்றது. நீர்க்காகங்கள் வரிசையாக மதகின் மேல் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். எஸ்தர் ஆரன் அடித்துக் கூப்பிட்டாள்.

ஏரியைத் தாண்டி 3.4 கிலோமீட்டர் மண்பாதை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று எஸ்தர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பாதை முடியும் இடத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஆட்டுப் பட்டி. ஆட்டோவை அங்கே நிறுத்தினோம். பட்டிக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தார். கடப்பாரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தேகம்.

"இன்னாமா, பொதையலா?"

"எங்க நெலம்ணே. தேவசகாயம் பொண்ணு நானு," என்றாள் எஸ்தர்.

"கரி மூட்டம் போட்டுக்கினு இருந்தாரே, அவரா? சரி சரி. கெழக்கால போவும்போது கொடி மண்டிக் கெடக்கிற எடத்துல கால வைக்காதீங்க. அடியில கெணறு இருக்குது. போன தபா என் ஆடு ஒண்ணு உள்ள போயிடுச்சி." ஆளுக்கு ஒரு நீளக் கழி கொடுத்தார். அந்தக் கழிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகையில்லை.

7.15க்கு நடக்க ஆரம்பித்தோம். முதல் இருநூறு அடிக்கு எனக்கு எல்லாமே ஒரே முள்ளாகத்தான் தெரிந்தது. வேலிகாத்தான் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடந்தன. எஸ்தர் முன்னால் வெட்டிக்கொண்டே போக, நான் பின்னால் குனிந்து நடந்தேன். கொஞ்ச நேரம் போனதும் கண் பழகிவிட்டது. கால் திடீரென்று ஒரு அடி மேலே ஏறும், நாற்பது ஐம்பது அடி சமதளமாகப் போகும், மறுபடி ஒரு அடி இறங்கும். நான்காவது முறைதான் எனக்கு உறைத்தது, நாங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது வரப்பு. மரங்களுக்கு நடுவில் அல்ல, வயல்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பித்தது. காட்டில் தானாக முளைக்காத மரம் எங்கே நிற்கிறதோ அங்கே மனிதன் இருந்திருக்கிறான். ஒரு முருங்கை நின்றது, அதன் அருகில் மண்ணில் புதைந்த அம்மிக்கல் கிடந்தது. இரண்டு தென்னை மொட்டையாக நின்றன, அவற்றின் அடியில் மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி. தொட்டிக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் தவளைக்குஞ்சுகள் நீந்தின. இன்னொரு இடத்தில் சாணம் மெழுகிய களம், மேலே மண் மூடியிருந்தாலும் கழியால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. ஒரு ஏக்கரில் ஒரு புல்கூட ஒழுங்காக முளைக்காத வட்டம் இருந்தால் அது களம் என்று வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். எஸ்தரிடம் சொன்னபோது, "ஆமாக்கா, களம்" என்று தலையைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டாள்.

8.05க்கு ஒரு பம்புசெட்டுக் கொட்டகை. கூரை இல்லை. உள்ளே மோட்டார் இருந்த மேடையின் நடுவிலிருந்து ஒரு வேம்பு கிளம்பி, கூரை இருந்த இடத்துக்கு மேலே பத்தடி போயிருந்தது. சுவரில் சுவிட்சுப் பலகையின் மரச்சட்டம் மட்டும். அதன் கீழே கரியால் எழுதிய எழுத்துகள், இன்னும் படிக்கமுடிகிறது. "திங்கள் காலை ராஜி, மாலை நாங்க." யாருக்கு எப்போது தண்ணீர் முறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜி யார், நாங்கள் யார், யார் யாருடைய முறையை ஏமாற்றினார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. அந்த எழுத்தின் முன்னால் இருபது நிமிடம் நின்றிருப்பேன். எஸ்தருக்குப் பொறுமை போய்விட்டது.

9.10க்கு எஸ்தர் நிலத்தின் தென்மேற்கு மூலையை அடைந்தோம். வேப்ப மரத்திலிருந்து 1.2 கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் வெட்டி வெட்டிப் போனதில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே அந்த மூலைக்கான கல் இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, பாசி படிந்து, கொடி சுற்றி. எஸ்தர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கல்லின் ஓரத்தில் கடப்பாரையால் கொஞ்சம் மண்ணைக் கிளறி, ஏதோ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கரித்துண்டு. வெளிப்பக்கம் குவிந்து, உள்பக்கம் குழிந்து, உடைந்த கிண்ணத்தின் சில்லு போல.

"கொட்டாங்கச்சிக் கரிக்கா. கல்லு நடச்சொல்ல எங்க தாத்தா நாலு மூலையிலயும் அடியில போட்டாராம். கூட ஒடஞ்ச சட்டி. கல்ல எவனாவது புடுங்கினாலும் கரி அப்படியே இருக்கும், மக்காது. தோண்டிப் பாத்தா எடம் தெரிஞ்சிடும்."

கல்லுக்கு ஒரு சாட்சியை மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். இதைவிட நல்ல விஷயம் அந்தக் காட்டில் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். ஏழெட்டுப் படம் எடுத்தேன். எஸ்தர் கரியைத் திரும்ப அங்கேயே போட்டு மண்ணை மூடி மிதித்தாள்.

அங்கிருந்து, கிணறு இருக்கும் வடகிழக்கு மூலையை நோக்கிக் குறுக்கே போனோம். பாதி தூரத்தில் தரை கறுப்பாக மாறியது. பெரிய வட்டமாக, சாம்பல் கலந்த மண். தேவசகாயம் கரி மூட்டம் போட்ட இடம் அது. விவசாயம் நின்றபிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தன் நிலத்தில் முளைத்த வேலிகாத்தானையே வெட்டி, அடுக்கி, மண் பூசி எரித்துக் கரியாக்கி விற்றிருக்கிறார். எஸ்தர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் தூக்கில் சோறு கொண்டுவருவாளாம். "முழுசா கறுப்பா இருப்பாரு. கண்ணும் பல்லும்தான் தெரியும்," என்று சொல்லிச் சிரித்தாள்.

கிணறு அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. கழியால் தட்டித் தட்டிக் கொடியை விலக்கினோம். சதுரக் கிணறு, கருங்கல் கட்டு, ஒரு பக்கம் படி. இருபதடி கீழே பச்சைத் தண்ணீர், ஒரு ஆமை. கிணற்றுக்கு அப்பால் பதினோரு தப்படியில் கல் நின்றது. தேவசகாயம் சொன்னது சொன்னபடி.

எஸ்தர் போய்க் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நேரம் 10.25. கிணற்றுப் படியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். இந்த மூலையில் சாமந்தி, அந்த மூலையில் கனகாம்பரம், நடுவில் ஒரு கொட்டகை என்று அவள் கையாலேயே காற்றில் பிரித்து வைத்தாள். அன்றைய பயணத்தை அந்த இடத்தில் முடித்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

எனக்கு எதையும் கிளறாமல் இருக்கத் தெரியாது. வீட்டில் என் கணவரைக் கேட்டால் சொல்வார். முதல் கல்லில் எடுத்த படங்களில் என் நிழல் விழுந்திருந்தது. "எஸ்தர், இந்தக் கல்லுக்கு அடியிலயும் கரி இருக்கும் இல்ல? ஒண்ணு எடுத்துக் காட்டேன், நல்லா ஒரு படம் எடுத்துக்கறேன்," என்றேன். அவள் இருந்த சந்தோஷத்தில் உடனே கடப்பாரையை எடுத்துவிட்டாள்.

முதல் குத்திலேயே கல் ஆடியது. தென்மேற்குக் கல் அசையவே இல்லை, இது பல் ஆடுவது போல ஆடியது. ஒரு சாண் ஆழம்தான் புதைத்திருந்தது. அடியில் கரி இருந்தது, கைநிறைய. எஸ்தர் ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் படம் எடுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேராக இருந்தது. நீளவாக்கில் கோடு கோடாக, ஒரு பக்கம் பட்டையோடு, விரல் கனத்தில்.

"இது கொட்டாங்கச்சி இல்லையே," என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

எஸ்தர் அதை வாங்கி இரண்டாக ஒடித்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். குழியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து ஒடித்தாள். பிறகு மூன்றாவது. அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேலிகாத்தான் கரி," என்றாள். "எங்க தாத்தா காலத்துல இங்க ஏதுக்கா வேலிகாத்தான்? இது எங்கப்பா மூட்டத்துக் கரி."

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. கல் இடம் மாறியிருக்கிறது. மாற்றியவர் கரி போடும் வழக்கம் தெரிந்தவர். கல்லுக்கு அடியில் கரி இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று கையருகே இருந்த கரியை அள்ளிப் போட்டிருக்கிறார். வருடக்கணக்கில் கரியோடு புழங்கிய மனிதருக்குக் கரி என்றால் கரிதான். எந்தக் கரி என்று ஒரு நாள் ஒருத்தி கேட்பாள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். வேறு யாராவது செய்திருக்கலாம் என்றேன். எஸ்தர் எழுந்து, கிணற்றைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். அங்கே தெற்கு வடக்காக மூன்று பனைமரங்கள், ஒன்று மொட்டை. கிழக்கு எல்லைக்குத் தாத்தா வைத்த பனைகள் என்று வரும்போது காட்டியிருந்தாள். மூன்றையும் ஒரே நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நானும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். கயிறு கிணற்றுக்கு நான்கு தப்படி முன்னாலேயே, எங்கள் பக்கமாகப் போனது. வடக்கு வரப்பும் அந்தக் கோடும் சேரும் இடத்தில் அவள் மண்வெட்டியால் வெட்டினாள். இரண்டடி ஆழத்தில் சட்டியின் ஓடுகள் வந்தன. அதற்கு அடியில் குழிந்த கரி.

கிணறு கோதண்டத்தின் நிலத்தில் இருந்தது.

நேரம் 11.50. வெயில் ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் பனை நிழலில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் எஸ்தர். குழிய மூடிடலாம். கல்லுதான் இருக்கே, வியாழக்கெழம அதயே காட்டிடு," என்றேன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள் நான். ஆனால் அந்த நிமிடம் அவளுக்குக் கிணறு கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க சொல்லமாட்டீங்கக்கா. எனக்குத் தெரிஞ்சிபோச்சே." கிணற்றுப் பக்கம் கையை நீட்டினாள். "இந்தக் கெணற வெட்டினது யார் தெரியுமா? எங்கப்பா. இன்னும் மூணு பேரு. கோதண்டத்தோட அப்பாகிட்ட கூலிக்கு வெட்டினாரு. பாறைய ஒடச்சி ஒடச்சி ஒரு கோடை முழுக்க. தண்ணி வந்ததும் ரெண்டு வருசம் எங்களுக்கும் விட்டாங்க. அப்புறம் நிறுத்திட்டாங்க. எங்கப்பாவுக்கு அது ஆறவே இல்ல. எப்ப பாரு, நான் வெட்டின கெணறு, நான் வெட்டின கெணறுன்னுக்கினே இருப்பாரு."

"கல்லத் திருப்பி எடத்துல வச்சிடலாமா?" என்றேன்.

"வேணாம். அதுல நான் கை வைக்கமாட்டேன். யார் மாத்துனாங்களோ அவங்களோட இருக்கட்டும்."

இரண்டு குழியையும் அப்படியே திறந்து வைத்தோம். ஆடு விழாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டோம். திரும்பும் வழி வெட்டியிருந்ததால் முக்கால் மணி நேரத்தில் வேப்ப மரத்துக்கு வந்துவிட்டோம். ஆட்டோவின் பின்சக்கரத்தில் முள் ஏறிப் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றி, வீடு வந்து சேர்ந்தபோது மணி 2.40. வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

போக நினைப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். தை முதல் பங்குனி வரைதான் சரியான காலம். அதற்கு முன்னால் சேறு, பின்னால் வெயில். காஞ்சிபுரத்திலிருந்து அரை நாளுக்கு ஆட்டோ பேசினால் எண்ணூறு, தொள்ளாயிரம் கேட்பார்கள். எஸ்தர் என்னிடம் வாங்க மறுத்ததால் நான் இருநூற்றைம்பதுக்குப் பெட்ரோல் போட்டேன். ஏரிக்கு அப்பால் கடை கிடையாது, போன் சிக்னல் வரும் போகும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் நுழையாதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். கொடி மண்டிய இடத்தில் கழியால் தட்டாமல் காலை வைக்காதீர்கள், தரைமட்டக் கிணறுகள் அங்கே குறைந்தது நான்கு இருக்கின்றன. முக்கியமாக, காடாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவருடைய பட்டாவில் இருக்கிறது. கேட்டுவிட்டு நுழையுங்கள். அம்மிக்கல் அழகாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். தோண்டலாமா என்று கேட்டால், நான் பதில் சொல்லத் தகுதியான ஆள் இல்லை.

கைவிட்டுப்போன நிலம் என்று நான் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன், அது தவறு. யாரும் அதைக் கைவிடவில்லை. தண்ணீர் நின்றதால் போனார்களே தவிர, கணக்கெல்லாம் மண்ணுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. நான் அதை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பார்த்தது எனக்குச் சுவாரசியம், எஸ்தருக்கு அது கிணறு.

புதன்கிழமை இரவு எஸ்தர் போன் செய்தாள். "நாளைக்கு நீங்களும் வாங்க. தோண்டச் சொன்னது நீங்கதானே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, துணைக்குக் கூப்பிட்டாள். கடையைப் பாதி நாள் சாத்திவிட்டுப் போனேன்.

வியாழன் காலை 11.20க்கு சர்வேயர் உதவியாளரோடு வந்தார். கோதண்டம் வெள்ளைச் சட்டையில், முள் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சர்வேயர் வரைபடத்தை விரித்து, "வடகிழக்குக் கல் எங்கம்மா?" என்று கேட்டார்.

எஸ்தர் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "கல்லு அங்க இருக்குது சார். ஆனா எடம் அது இல்ல. எடம் இங்க." இரண்டு குழியின் மேலிருந்தும் முள்ளை இழுத்துப் போட்டாள். இரண்டு கரியையும் எடுத்து ஒரு பலகைமேல் வைத்தாள். எது எந்தக் கரி என்று சொன்னாள். கோதண்டம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி ஒன்றை எதிர்பார்த்து அவர் வரவில்லை என்பது தெரிந்தது.

அளந்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மற்ற மூன்று கற்களிலிருந்து இழுத்துப் பார்த்தபோது கணக்கு கொட்டாங்கச்சிக் கரி இருந்த குழியில்தான் வந்து நின்றது. கிணறு நான்கு தப்படி வெளியே. கோதண்டம் கிணற்றை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுப்பார் என்று நான் உள்ளுக்குள் ஒரு ஓரமாக எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம். எஸ்தர் எதிர்பார்க்கவில்லை.

சர்வேயர் ஆட்டுப் பட்டிக்காரரின் கட்டிலில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். "கல் இடம் மாறியிருந்ததுன்னு எழுதறேன். யார் மாத்துனதுன்னு தெரியலைன்னு போட்டுடலாம்," என்றார்.

"அதான்மா நல்லது," என்றார் கோதண்டம். "செத்துப்போனவர எதுக்கு இதுல இழுத்துக்கினு."

"இல்ல சார். எங்கப்பான்னே எழுதுங்க. தேவசகாயம்," என்றாள் எஸ்தர். "எழுதிட்டு, அதுக்குக் கீழயே கெணறு வெட்டினதும் தேவசகாயம்னு எழுதுங்க."

"அதெல்லாம் எழுத இதுல எடம் இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க சார்."

சர்வேயர் பேனாவை நிறுத்திவிட்டுக் கோதண்டத்தைப் பார்த்தார். பக்கத்து நிலக்காரரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும். கோதண்டம் வேட்டி நுனியில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி முள்ளையும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "அவருதான் வெட்டுனாரு. எங்க நைனாவே சொல்லியிருக்காரு. எழுதிக்கோங்க," என்றார்.

சர்வேயர் தாளைத் திருப்பிப் பிடித்து ஓரத்தில் எழுதினார். எஸ்தர் அந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.